ஏஸ் என்றால் பகடையில் 2 கூடுதலா?

கேள்வி: விமானச் சண்டை வார்கேம் (போரை ஆடிப் பார்க்கும் விளையாட்டு) ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எல்லா விளம்பரத்திலும் 'பைலட் திறமை அப்படியே நிஜம்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பதில் ஏஸ் பைலட் (பல எதிரி விமானங்களை வீழ்த்திய கைதேர்ந்த விமானி) சுடும்போது பகடையில் 2 கூட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். காசு போடுவதற்கு முன்பே நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். ஜிஎம்டி போன்ற பதிப்பாளர்கள் அதை இணையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். சுடும் அட்டவணையை அப்புறம் பார்க்கலாம். எதிரியைக் கண்டுபிடிப்பதற்கு விதி இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லா விமானமும் எல்லார் கண்ணுக்கும் எப்போதும் தெரிகிறது என்றால், அங்கே ஏஸ் வெறும் குறி தவறாத ஆள்தான். நிஜத்தில் வீழ்ந்தவர்களில் பலர் தங்களைச் சுட்டவனைப் பார்க்கவே இல்லை. முந்திப் பார்ப்பதும், சட்டென்று முடிவெடுப்பதும், சரிவராது என்றால் விலகிவிடுவதும்தான் திறமை.

வியட்நாம் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கடற்படை 1969-இல் கலிஃபோர்னியாவின் மிராமரில் 'டாப்கன்' என்ற விமானச் சண்டைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு விமானத்தை இழந்தால் எதிரியின் மிக் போர் விமானங்களில் இரண்டு சொச்சத்தை வீழ்த்திக்கொண்டிருந்தவர்கள், 1972-இல் ஒன்றுக்குச் சுமார் பன்னிரண்டு என்று போனார்கள். அவர்கள் ஓட்டிய எஃப்-4 பேண்டம் போர் விமானம் முன்பும் இருந்ததுதான். அதே பேண்டத்தில் பீரங்கியும் பொருத்திக்கொண்ட விமானப்படையோ கிட்டத்தட்ட ஒன்றுக்கு இரண்டு என்பதிலேயே நின்றது. விமானத்தின் எண்களை மட்டும் துல்லியமாகக் கொடுக்கும் விளையாட்டில் இந்த வித்தியாசம் வரவே வராது.

போர்டு கேமில் 'விங் லீடர்' எனக்குப் பிடிக்கும். வானத்தைப் பக்கவாட்டில் காட்டும் பலகை, அதில் முழு ஸ்குவாட்ரன்கள் (விமான அணிகள்). சண்டை முடிந்ததும் அணி கலைகிறதா என்று பகடை போட வேண்டும். பெரும்பாலும் விமானங்கள் விழுவதற்கு முன்பே அணி சிதறிவிடுகிறது. கணினியில் 'கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ்' ஐந்து படித் தேர்ச்சி வைத்திருக்கிறது. கற்றுக்குட்டி, எதிரியைப் பார்த்த பிறகும் செயல்பட அதிக நேரம் எடுக்கிறான். ஆனால் அதில் நீங்கள் தளபதி, விமானி இல்லை. ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கத்தான் ஆசை என்றால் சிமுலேட்டர் பக்கம் போங்கள். அங்கே ஒன்றைச் சோதிக்க வேண்டும்: கணினி ஓட்டும் எதிரி உங்கள் விமானத்துக்கான அதே இயற்பியலுக்குக் கட்டுப்படுகிறதா? செங்குத்தாக ஏறியும் வேகமே குறையாத 'ஏஸ்' திறமைசாலி இல்லை, ஏமாற்றுக்காரன். வாங்கியவர்கள் போட்ட வீடியோக்களில் இது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழைய பிரதி வாங்கினால் கவுண்டர்களை (விமானங்களைக் குறிக்கும் சிறு அட்டைத் துண்டுகளை) எண்ணச் சொல்லுங்கள், திருத்தப்பட்ட விதிகளை இறக்கிக்கொள்ளுங்கள்.

அதற்குள் கையில் இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். ஏஸின் அந்த 2 புள்ளியைச் சுடுவதிலிருந்து எடுத்து, யார் கடைசியில் நகர்வது என்பதற்கான பகடையில் சேர்த்துப் பாருங்கள். எதிரி நகர்ந்ததைப் பார்த்துவிட்டு நகர்கிறவன் தானாகவே அவன் வாலுக்குப் பின்னால் போய் நிற்பான்.