இஸுமோவின் தூண்கள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஜப்பானின் ஷிமானே மாவட்டத்திலுள்ள இஸுமோ தாய்ஷா ஆலயத்துக்குக் கணவருடன் சென்று வந்தேன். ஜப்பானியரின் மரபுச் சமயமான ஷின்தோவின் ஆலயங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்று கேள்விப்பட்டுத்தான் போனோம். இப்போதுள்ள மூலக்கோயில் 1744இல் கட்டப்பட்டது என்று அங்கே அறிந்தபோது பெரிய ஏமாற்றமாக இருந்தது. பக்கத்து அருங்காட்சியகத்தில், ஒருகாலத்தில் இக்கோயில் 48 மீட்டர் உயரத்தில் நின்றது என்று சொல்லி ஒரு மாதிரியை வைத்திருக்கிறார்கள். அது வரலாறா, தலபுராணமா? இங்கே பழமை என்று எதைக் கொள்வது? வருகிற நவம்பரில் மாமாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி போகிறோம். மாமனார் கேள்வி மேல் கேள்வி கேட்பவர். அவருக்கு எதைக் காட்டுவது என்று தெரியவில்லை.

அன்புடன்,
மீ., ஒசாகா

அன்புள்ள மீ.,

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. கருங்கல் கோயில்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கல் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது கோயில் என்பது நமக்குள் ஊறிப்போன கணக்கு. மரத்தூண்களை மண்ணில் நட்டு, மேலே ஹினோகி மரப்பட்டையால் கூரை வேயும் நாட்டில் அந்தக் கணக்கு செல்லாது. மண்ணில் நட்ட மரம் அடியிலிருந்து உளுத்துப்போகும். இஸுமோவின் கோயில் 1031இல் சரிந்தது என்று குறிப்பு இருக்கிறது. அதற்கடுத்த இருநூறு ஆண்டுகளிலும் பலமுறை சரிந்து, பலமுறை எழுப்பப்பட்டது. 24 மீட்டர் உயரமுள்ள இன்றைய மூலக்கோயில் அந்த நீண்ட வரிசையில் கடைசியாக வந்தது, அவ்வளவே.

ஏன் விடாமல் கட்டினார்கள் என்பதற்குத் தலபுராணம் ஒரு காரணம் சொல்கிறது. 712இல் தொகுக்கப்பட்ட கொஜிகி என்ற பழங்கதை நூலின்படி, நிலவுலகை ஆண்ட ஒகுனினுஷி என்ற தெய்வம், சூரியதேவி அமதெராசுவின் வழிவந்தோருக்குத் தன் நாட்டை ஒப்படைக்க இசைந்து, பதிலுக்கு ஒன்றே ஒன்றைக் கேட்டது: பாதாளப் பாறையில் தூண் ஊன்றி, வானுலகை எட்டும் உயரத்தில் தனக்கு ஓர் உறைவிடம். தோற்றுப்போன தரப்பின் தெய்வத்துக்கு வென்ற தரப்பு கொடுத்த வாக்காகவே இதை நான் வாசிக்கிறேன். கோயில் விழுந்தபோதெல்லாம் அதை எடுத்துக் கட்டியவர்கள் இந்தக் கதையை அறிந்தவர்கள்.

இனி அந்த 48 மீட்டருக்கு வருகிறேன். 970இல் சிறுவர் பாடத்துக்காக எழுதப்பட்ட நூலொன்று, நாட்டின் பெருங்கட்டடங்களை வரிசைப்படுத்தும்போது இஸுமோவை முதலிலும், நாரா நகரின் பெரிய புத்தர் மண்டபத்தை இரண்டாவதாகவும் வைக்கிறது. புத்தர் மண்டபம் ஏறத்தாழ 45 மீட்டர் என்பதால் இஸுமோ அதைவிட உயரமாக இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள்; பழங்கால அளவில் 16 ஜோ, அதாவது 48 மீட்டர், என்ற ஆலய மரபோடு இது ஒத்துப்போனது. தலைமைப் பூசகர்களான சென்கே குடும்பத்தாரிடம் பழைய வரைபடம் ஒன்றும் இருந்தது. அதில் ஒன்பது தூண்கள். ஒவ்வொன்றும் ஒரு பெரிய வட்டத்துக்குள் மூன்று சிறு வட்டங்கள், அதாவது மூன்று மரங்களை இரும்பு வளையத்தால் இறுக்கிச் செய்த ஒரே தூண். மோதோஓரி நோரினாகா என்ற பேரறிஞர் அதைத் தம் நூலில் எடுத்துப் பதித்த பிறகும், அப்படி ஒரு தூண் உண்மையில் இருந்திருக்கும் என்று பலர் நம்பவில்லை.

2000ஆம் ஆண்டில், வளாகத்துக்குள் நிலத்தடி அறை அமைப்பதற்காகத் தோண்டியபோது அந்தத் தூண் வெளிப்பட்டது. தலா ஏறத்தாழ 1.35 மீட்டர் குறுக்களவுள்ள மூன்று தேவதாரு மரங்கள் ஒட்டி நிற்க, சுற்றிலும் பெரிய கற்களைத் திணித்திருந்தார்கள். சேர்த்தால் குறுக்கே சுமார் மூன்று மீட்டர். நீங்கள் பார்த்த அருங்காட்சியகத்தில் இருப்பது அந்த மரமேதான். அதன் முன் நின்றபோது நான் வெகுநேரம் நகரவில்லை. ஏட்டில் மட்டும் இருந்து சந்தேகத்துக்கு உள்ளான மூன்று வட்டங்கள், கரிய மரமாக, வாய்ச்சி செதுக்கிய தழும்போடு கண்முன் இருந்தன.

ஆனாலும் மாமாவிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். இந்தத் தூண்கள் 1248இல் கட்டி முடித்த கோயிலைச் சேர்ந்தவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வரைபடம் பொய்யல்ல என்பதற்கு இவை சான்று, உயரத்துக்குச் சான்றல்ல. தூணின் அடி கிடைத்திருக்கிறது, நுனி கிடைக்கவில்லை. அந்தக் கோயிலை ஐந்து ஆய்வாளர்கள் ஐந்து விதமாக, வெவ்வேறு உயரங்களில் கற்பனை செய்த மாதிரிகளும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எல்லோரும் 48 மீட்டர் மாதிரியின் நீண்ட படிக்கட்டைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த ஐந்தின் முன்தான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் காட்டுங்கள். ஆலயத்தின் நான்காம் தோரணவாயில் வெண்கலத்தால் ஆனது. மோரி த்ஸுனஹிரோ என்ற பிரபு 1666இல் அளித்தது. அதில் பொறித்திருக்கும் வாசகம் இக்கோயிலின் தெய்வம் அமதெராசுவின் தம்பியான சுசானோஓ என்கிறது, ஒகுனினுஷி அல்ல! இடைக்காலத்தில் பௌத்தமும் ஷின்தோவும் கலந்திருந்தபோது இங்கே சுசானோஓவையே மூலவராகக் கொண்டிருந்தார்கள். அந்த நாளில் வளாகத்துக்குள் மூன்றடுக்குப் பௌத்த கோபுரம்கூட நின்றது. 1667இல் முடிந்த திருப்பணியின்போது பழைய நூல்களைப் பார்த்து ஒகுனினுஷியை மீண்டும் மூலவராக்கினார்கள்; பௌத்தக் கட்டடங்களை அகற்றினார்கள். அந்தத் திருப்பணியின் தூண்களுக்குத் தேவதாரு மரம் தந்த தஜிமா நாட்டு மலைக்கோயிலுக்கு அந்தக் கோபுரம் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கே, ஹியோகோ மாவட்டத்தின் நகுசா ஆலயத்தில், நிற்கிறது. ஆக, மூலவர் பெயர்கூட இடையில் மாறித் திரும்பி வந்திருக்கிறது. ஆதிமுதல் மாறாதது என்று சுற்றுலா ஏடுகள் எழுதுவதை நான் ஏற்பதில்லை. மனிதர்கள் கூடி, ஏடுகளைப் புரட்டி, வாதிட்டு எடுத்த முடிவுகள் இவை, அவற்றை மறைத்துவிட்டால் இந்த ஆலயத்துக்கு வரலாறே இல்லாமல் போகும்.

பழமைக்கு இங்கே கையில் தொடத்தக்க சான்று எது என்றால், கூட்டமே இல்லாத ஒரு சிறு சன்னிதியைச் சொல்வேன். வளாகத்தின் கிழக்குப்புறம் சற்று நடந்தால் இனோச்சினுஷி சன்னிதி வரும். முன்னால் மிகப் பழைய முகு மரம் ஒன்று நிற்கும். மேலே சொன்ன திருப்பணிக்காக 1665இல் இதன் பின்னிருந்த பெரும்பாறையைப் பெயர்த்தபோது, அடியில் ஒரு வெண்கலப் படைக்கலமும் பச்சை ஜேட் கல்லில் செய்த வளைந்த மணியும் கிடைத்தன. இரண்டும் ஜப்பானில் எழுத்து பரவுவதற்கு முந்தைய யயோய் காலத்தவை. கொஜிகிக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. படைக்கலம் வடக்குக் கியூஷுவிலிருந்தும், மணியின் கல் நீகாத்தா பக்கத்திலிருந்தும் வந்தவை என்கிறார்கள். எழுத்தும் கோயிலும் வருவதற்கு முன்பே, தொலைவிலிருந்து வந்த அரும்பொருள்களை மனிதர்கள் இந்த மலையடிவாரத்தில் வைத்திருக்கிறார்கள்.

மூலக்கோயிலுக்குள் பொதுமக்களை விடுவதில்லை. கட்டடம் தெற்கு நோக்கியது, உள்ளே தெய்வம் மேற்கு நோக்கியது. ஆகவே முன்வாயிலில் வணங்கிய பின் மேற்குப்புறமாகச் சுற்றிப் போய், அங்குள்ள இடத்தில் நின்று வணங்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆலயங்களில் இரு முறை கைதட்டுவார்கள், இங்கே நான்கு முறை. தூண்கள் கிடைத்த இடத்தை வாயிலுக்கு முன்னுள்ள கல்தளத்தில் மூன்று வட்டங்களாகக் குறித்திருக்கிறார்கள். மாமாவை அவற்றின் அருகே நிற்க வைத்தால் தூணின் பருமன் உடனே விளங்கிவிடும்.

சந்திர நாள்காட்டியின் பத்தாம் மாதம் பத்தாம் நாள் மாலை, இனாசா கடற்கரையில் தீமூட்டி, நாடெங்கிலுமிருந்து வரும் தெய்வங்களை எதிர்கொள்ளும் சடங்கு நடக்கும். நம் நாள்காட்டியில் அது சில ஆண்டுகளில் நவம்பரிலும் சில ஆண்டுகளில் டிசம்பரிலும் வரும். பயணச்சீட்டு எடுக்கும் முன் இந்த ஆண்டுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் விடுதி கிடைப்பது கடினம்.