அலுமினியத் தகட்டில் போர் விமானம்: எந்தப் படம், எந்தப் பூச்சு?

வாசகர் கேள்வி: வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே சுவர் காலியாக இருக்கிறது. சோபா 2 மீட்டர் நீளம், எதிரே பெரிய ஜன்னல். இரண்டாம் உலகப்போர்க் கால விமானப் படங்கள் ஏழெட்டு எடுத்து வைத்திருக்கிறேன். என் தாத்தா விமானப்படையில் மெக்கானிக். அவர் ஒரு விமானத்தின் பக்கத்தில் நிற்கும் அஞ்சலட்டை அளவுப் படமும் உண்டு. எல்லாவற்றையும் அலுமினியத் தகட்டிலேயே அச்சிட்டு மாட்டிவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம். சோபாவுக்கு மேலே ஒரே ஒரு படம், நன்றாகப் பெரிதாக. தாத்தா படம் சிறிதாக, வேறு இடத்தில். ஏழெட்டுப் பளபளக்கும் தகடுகளை ஒரே சுவரில் வரிசையாக மாட்டினால் கண் எதிலும் நிற்காது.

முதலில் தகட்டைப் புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் படத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். நல்ல உலோக அச்சு என்பது பெரும்பாலும் டை சப்ளிமேஷன் முறைதான். படத்தை முதலில் ஒரு தாளில் அச்சிட்டு, அதைத் தகட்டோடு சேர்த்து ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகித் தகட்டின் மேலுள்ள பாலிமர் பூச்சுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் ஈரத்துணியால் துடைத்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. படத்தில் எங்கெல்லாம் வெள்ளையோ, அங்கெல்லாம் அடியில் இருப்பதுதான் தெரியும். வெள்ளை அடிப்பூச்சு உள்ள தகடு என்றால் வெள்ளையாகத் தெரியும். பூச்சு ஒளி ஊடுருவும் வகை என்றால் அலுமினியமே தெரியும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். தகடு என்றாலே வெள்ளி மினுமினுப்பு வேண்டும் என்று எல்லாப் படத்தையும் ஊடுருவும் தகட்டில் போடுகிறார்கள். மேகம் சாம்பலாகிவிடும், மனித முகம் தகரம் மாதிரி ஆகிவிடும். அந்த மினுமினுப்பு தேவைப்படும் படங்கள் வேறு. 1944 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களும் பி-51 மஸ்டாங் சண்டை விமானங்களும் வண்ணம் பூசாமல், வெறும் அலுமினியத் தோலோடு தொழிற்சாலையை விட்டு வந்தன. பெயின்டின் எடையும் பூசுகிற நேரமும் மிச்சம். அப்படிப்பட்ட மஸ்டாங்கின் கருப்பு வெள்ளைப் படத்தை ஊடுருவும் தகட்டில் போட்டுப் பாருங்கள். நீங்கள் ஓர் அடி நகர்ந்தால் விமானத்தின் வயிற்றுப் பக்கம் வெளிச்சம் நகரும். ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசை ஒன்று மறைந்து அடுத்தது தெரியும். படத்தில் இருக்கும் அலுமினியமும் சுவரில் இருக்கும் அலுமினியமும் ஒன்றாகிவிடும். காகிதத்தில் இது வரவே வராது. உங்கள் ஏழெட்டில் இப்படி ஒன்று இருந்தால் சோபாவுக்கு மேலே அதுதான். பச்சையும் பழுப்புமாக வண்ணம் பூசிய பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம், அடிப்பக்கம் கருப்பான லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம், விமானத்தோடு நிற்கும் வீரர்கள் என்றால் வெள்ளை அடிப்பூச்சு.

சோபா நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அகலம் கண்ணுக்குச் சரியாக இருக்கும். 120 செ.மீ.க்கு 80 செ.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 150 பிக்சல் என்று வைத்தால் ஏறக்குறைய 7,000 பிக்சல் அகலம் வேண்டும். அந்தக் காலத்தில் வான்படமெடுக்கப் பரவலாகப் பயன்பட்ட கே-20 கேமராவின் நெகட்டிவ் 4-க்கு 5 அங்குலம். அதிலிருந்து நேராக ஸ்கேன் செய்த கோப்பு கிடைத்தால் இந்த அளவு தாராளமாக வரும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் போர்க்காலத் தொழிற்சாலைப் படங்கள் பெரிய ஸ்கேன்களாகவே இருக்கின்றன. 1942 அக்டோபரில் லாங் பீச்சில் பி-17-இன் வால் பகுதிக்குள் பெண்கள் வேலை செய்வதை அரசுப் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் பால்மர் எடுத்த வண்ணப்படம் அவற்றில் ஒன்று. அமெரிக்க அரசுப் பணியாளர்கள் பணியின் பகுதியாக எடுத்த படங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. மற்றவற்றுக்கு உரிமையாளர் யார் என்று பார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

சிறிய கோப்பைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்க வேண்டாம். அது இல்லாத ரிவெட்டை முளைக்க வைக்கும், வாலில் உள்ள எண்ணைக் கிறுக்கலாக்கிவிடும். ஃபிலிமின் குருணை, அதாவது படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள், அப்படியே இருக்கட்டும். அதுபோல, விமானம் அறைக்குள் பார்த்துப் பறக்க வேண்டும் என்று படத்தை இடவலமாகத் திருப்பவும் கூடாது. எழுத்து இடவலமாக மாறுவதோடு முடிவதில்லை. ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் வலது இறக்கைக்கு அடியில் ரேடியேட்டர், இடது இறக்கைக்கு அடியில் சிறிய ஆயில் கூலர். திருப்பினால் இல்லாத ஒரு விமானமாகிவிடும். திசை பொருந்தவில்லையா, வேறு படம் எடுங்கள்.

எதிரே ஜன்னல் என்றீர்கள். ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படம் வரப்போகும் இடத்தில் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தால், பளபளப்பு மேற்பரப்பில் பகல் முழுக்க விமானத்துக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும். உங்களுக்குச் சாட்டின் என்கிற அரை மங்கல்தான் சரி. முடிந்தால் கை அகலத்துக்கு ஒரு மாதிரி அச்சு எடுத்து, இரண்டு நாள் காலையும் இரவும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மஞ்சள் பல்பு வெள்ளித் தகட்டையும் மஞ்சளாக்கும். நேர் வெயில் படுகிற இடமென்றால் சாயம் காலப்போக்கில் மங்கும்.

மாட்டுவது எளிது. தகடு ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், இந்த அளவுக்கு எடை 3 கிலோவுக்குள்தான். பின்னால் கட்டை வைத்து சுவரிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளி நிற்க வையுங்கள், அடியில் விழும் நிழலே சட்டம் போல இருக்கும். முனைகளை வட்டமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். கூர்முனை கையையும் கிழிக்கும், விழுந்தால் மடங்கியும் போகும்.

இனி தாத்தா. அவர் படம் வெள்ளை அடிப்பூச்சில், சாட்டினில், நீளவாக்கில் 28 செ.மீ.க்கு மேல் போகாமல். அஞ்சலட்டை அளவுப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் இந்த அளவில் முகம் தெளிவாக இருக்கும், அதைத் தாண்டினால் கரையத் தொடங்கும். சோபா சுவரில் பெரிய விமானத்தின் பக்கத்தில் வைத்தால் அவர் காணாமல் போய்விடுவார். நடைவழியிலோ படிக்கும் மேசைக்கு மேலோ, ஆள் நின்று பார்க்கிற உயரத்தில் வையுங்கள். விமானிகளின் படங்கள் ஏராளம். அந்த விமானத்தை மறுநாள் பறக்க வைத்த மெக்கானிக்கின் படம் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

அசலை மாட்டாதீர்கள், அமிலமில்லாத உறையில் இருட்டில் வையுங்கள். அதன் பின்பக்கம் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். தாத்தா பெயர், இடம், ஆண்டு எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதித் தகட்டின் பின்னால் ஒட்டிவிடுங்கள். விமானத்தின் வாலில் எண் தெரிந்தால் அதையும் சேருங்கள். அந்த ஓர் எண்ணை வைத்தே அது எந்த விமானம், எந்தப் படைப்பிரிவு என்று பல சமயம் கண்டுபிடித்துவிடலாம்.