மோயாற்றில் கேனோ சவாரியா? முதலில் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள்

கேள்வி: திருப்பூரிலிருந்து குடும்பமாக ஐந்து பேர் ஊட்டிக்குப் போகிறோம். மோயாற்றில் நாள் முழுக்க நிதானமாகக் கேனோ என்ற ஒல்லியான துடுப்புப் படகில் போகலாம், மதியச் சாப்பாடும் உண்டு, 'பர்மிஷன் எங்கள் பொறுப்பு' என்று ஒரு ஏஜென்ட் வாட்ஸப்பில் சொன்னார். பாதிப் பணம் கொடுத்துவிட்டோம். அம்மாவுக்கு 62 வயது, நீச்சல் தெரியாது. நம்பிப் போகலாமா?

பதில்: போகாதீர்கள். அம்மாவுக்கு நீச்சல் தெரிந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

மோயாறு முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஓடுகிறது. இரண்டுமே புலிகள் காப்பகம். யானை தண்ணீர் குடிக்க இறங்கும் ஆறு, முதலையும் உண்டு. அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்ற எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை கிடையாது. பிடிபட்டால் வனத்துறை வழக்கு உங்கள் மேலும்தான் வரும். 'பர்மிஷன் எங்கள் பொறுப்பு' என்று யார் சொன்னாலும் ஒன்று கேளுங்கள்: எந்த அலுவலகம் கொடுத்தது, நகலை அனுப்புங்கள். உண்மையான ஆள் அன்றைக்கே அனுப்புவார். மற்றவர் 'சார், லோக்கல்ல நமக்கு எல்லாரும் தெரிஞ்சவங்க' என்பார். பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஆறு சாதுவாகத் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். நீலகிரியின் பெரிய ஆறுகளுக்கு மேலே அணையும் மின்நிலையமும் இருக்கின்றன. மின்தேவை கூடும்போது டர்பைனை ஓட்டத் தண்ணீரைத் திறப்பார்கள், கீழே வெள்ளம் ஏறும். மழையே இருக்காது, வானம் வெளிறிக் கிடக்கும். கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் இடுப்பைத் தொடும். பில்லூர் அணைக்குக் கீழே, மேட்டுப்பாளையம் பவானி ஆற்றில் இப்படிப் போன உயிர்கள் ஏராளம். கரையில் நிற்கும்போது தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் செருப்பைக்கூடத் தேடாமல் மேலே ஏறிவிடுங்கள்.

சரி, ஆசை நியாயமானதுதானே, என்ன செய்யலாம்? உங்கள் பாதையிலிருந்து விலகிப் போனால் ஒரு நல்ல இடம் இருக்கிறது: பரளிக்காடு. காரமடையிலிருந்து வெள்ளியங்காடு வழியாகப் போக வேண்டும். கோவை வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா. பில்லூர் அணையின் தேங்கிய தண்ணீரில் பரிசல் விடுவார்கள், துடுப்பு போடுபவர்கள் அங்குள்ள பழங்குடி மக்கள். மதியச் சாப்பாடும் உண்டு. கேனோ இல்லை, ஆற்றோடு மிதந்து போவதும் இல்லை; ஆனால் நீங்கள் கேட்ட நிதானம் கிடைக்கும். பொதுவாக வார இறுதியில்தான் நடக்கும், மழைக்காலத்தில் நிறுத்தியும் வைப்பார்கள். அதனால் கிளம்பும் முன் வனத்துறையிடமே முன்பதிவு செய்யுங்கள். இதற்கும் 'நான் டிக்கெட் வாங்கித் தருகிறேன்' என்று இடையில் ஒருவர் வருவார். வேண்டாம்.

அதுவும் கிடைக்காவிட்டால் ஊட்டி ஏரியில் துடுப்புப் படகு எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே ஏறினாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிய பிறகு, அம்மாவின் இரண்டு தோள்பட்டைகளிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை வந்தால் அது பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும். வேறொன்று கேளுங்கள். தராவிட்டால் ஏறாதீர்கள். பல இடங்களில் கொக்கி உடைந்ததைக் கயிறு போட்டுக் கட்டி மாட்டிவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஊட்டிக்குள் கார் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். கார் எண் முதற்கொண்டு எல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள். அதே இணையப் பக்கத்தில், எந்தெந்தத் தண்ணீரில் படகுக்கு அனுமதி உண்டு, எங்கே இல்லை என்று பத்து வரி போட்டால் என்ன? ஆற்றங்கரை வனத்துறைக்கு, தண்ணீர் மின்வாரியத்துக்கு, பயணி சுற்றுலாத் துறைக்கு என்று ஆளுக்கொரு பக்கம் கைகாட்டிக்கொண்டிருக்கும்வரை இந்த ஏஜென்ட்டுகள் பிழைப்பார்கள்.

இப்போது உங்கள் பணம். வாட்ஸப் உரையாடலை அழிக்காதீர்கள். பணம் அனுப்பிய ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'அனுமதி நகல் கொடுங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்புங்கள்' என்று எழுத்திலேயே கேளுங்கள். 'வேறு தேதிக்கு மாற்றித் தருகிறேன்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மழுப்பினால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். தாமதிக்கத் தாமதிக்க அந்தப் பணத்தைப் பிடிப்பது கடினம்.