யார் கூற்று?

கேள்வி: ‘உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்’ (யோபு 8:7) என்ற வசனத்தை எங்கள் மளிகைக் கடைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். இது கர்த்தருடைய வாக்குத்தத்தம் அன்று, யோபின் நண்பர் பேசிய பேச்சு என்று வேதபாட வகுப்பில் சொன்னார்கள். அதை அழித்துவிட வேண்டுமா?

பதில்: வகுப்பில் சொன்னது சரிதான். யோபின் புத்தகம், முன்னும் பின்னும் உரைநடையில் கதை சொல்லி, நடுவில் பெரும்பகுதியைக் கவிதை வடிவிலான வாக்குவாதமாக அமைத்திருக்கும் நூல். சங்கப் பாடலைப் படிக்கையில் தலைவி கூற்றா, தோழி கூற்றா என்று முதலில் பார்க்கிறோம் அல்லவா? இந்நூலுக்கும் அதே கேள்வி வேண்டும். 8ஆம் அதிகாரம் யோபின் நண்பர்களில் ஒருவரான, சூகியனான பில்தாத்தின் கூற்று.

வசனத்தைச் சற்று மேலிருந்து வாசித்தால் மனம் கனக்கிறது. பெருங்காற்றில் வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபிடம், அவர்கள் பாவம் செய்திருந்தால் அதற்குரிய தண்டனையைப் பெற்றிருப்பார்கள் என்னும் கருத்தை 4ஆம் வசனத்தில் வைக்கிறார் பில்தாத். அடுத்து, நீர் தேவனைத் தேடி, சுத்தமும் செம்மையுமாய் இருந்தால் என்று நிபந்தனை விதிக்கிறார். அந்த நிபந்தனையின் முடிவில்தான் உங்கள் பலகை வசனம் வருகிறது. யோபு உத்தமன் என்பது முதல் அதிகாரத்திலேயே வாசகருக்குத் தெரியும், பில்தாத்துக்குத் தெரியாது. புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் இதெல்லாம் அச்சாவதில்லை.

நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று 42:7இல் கர்த்தரே கோபம் கொள்கிறார். ஆனாலும் அவர்கள் சொன்ன அனைத்தும் பொய் என்று தள்ளிவிட முடியாது. மற்றொரு நண்பரான எலிப்பாசின் வாக்கொன்றை (5:13) பவுலே 1 கொரிந்தியர் 3:19இல் வேதவாக்காக எடுத்தாளுகிறார். பில்தாத் சொன்ன முடிவும் ஒருவகையில் பலிக்கவே செய்கிறது: யோபின் 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன, 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆகின்றன. ஆனால் பில்தாத் எதிர்பார்த்தபடி பாவத்தை உணர்ந்து மனந்திரும்பிய கூலியாக அன்று. தம்மைக் குற்றவாளியாக்கிய நண்பர்களுக்காக யோபு வேண்டுதல் செய்தபோது அது நிகழ்கிறது. நூலாசிரியரின் இந்த நுட்பமான முரணை, தனி வசனமாகப் பிரித்து வாசிப்பவர்கள் இழந்துவிடுகிறார்கள்.

ஆகவே பலகையை அழிக்க வேண்டியதில்லை. ஆனால் கடை நன்றாக நடக்கும் என்பதற்கு உத்தரவாதமாக அதைக் கொள்ளாதீர்கள். அதைவிட, 42:12ஐ எழுதுவதே என் விருப்பம்; பின்னிலைமையை ஆசீர்வதித்தவர் கர்த்தர் என்று அங்கே நூலாசிரியரே சொல்கிறார்.