தொட்டி தயார், முதல் மீன் எது?

புதுத் தொட்டி வைத்தவர்களின் கேள்விகள் இந்த வாரம் நிறையவே வந்துவிட்டன. சிங்கப்பூரில், ஈசூன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பதினெட்டு வருடமாக மீன் வளர்க்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செங்காங்கிலிருந்து: அக்கா, இரண்டடித் தொட்டி. மீன் விடாமல் ஐந்து வாரம் சைக்கிள் ஓட்டினேன், அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்தேன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நாளைக்கே இருபது மீன் விடலாமா?

ஐந்து வாரம் பொறுத்ததே பெரிய விஷயம் தம்பி. ஆனால் பூஜ்யம் இரண்டு விதமாக வரும். பாக்டீரியா எல்லாவற்றையும் தின்று தீர்த்ததால் வருவது ஒன்று. தொட்டியில் தின்ன எதுவுமே இல்லாததால் வருவது இன்னொன்று. இன்று இரவு அம்மோனியாச் சொட்டு விட்டு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்குக் கொண்டு வாருங்கள். இருபத்து நான்கு மணி நேரம் கழித்துச் சோதிக்கும்போது அம்மோனியாச் சோதனைக் குழாய் பச்சை கலக்காத மஞ்சளாகவும், நைட்ரைட் சோதனைக் குழாய் ஊதா கலக்காத வெளிர் நீலமாகவும் இருந்தால் தொட்டி உண்மையிலேயே தயார். அதற்குள் நைட்ரேட் ஏறியிருக்கும், அதனால் மீன் வாங்கப் போவதற்கு முந்தின நாள் பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றிவிடுங்கள்.

இருபது வேண்டாம், முதலில் ஆறிலிருந்து எட்டு போதும். 2 பிபிஎம் தின்னும் பாக்டீரியா அதற்கு மேலும் தாங்கும்தான். ஆனால் கடையிலிருந்து நோய் வந்தாலோ, பழக்கமில்லாத கை உணவைக் கூடுதலாகப் போட்டுவிட்டாலோ, எட்டு மீனைக் காப்பாற்றலாம், இருபதைக் காப்பாற்ற முடியாது. என் இரண்டாவது தொட்டியில் ஒரே மாலையில் இருபத்து நான்கு மீன் விட்டேன். இரண்டாம் வாரம் ஏழுதான் மிஞ்சின. இன்றைக்கும் எனக்கு அது வலிக்கிறது.

இன்னொன்று, மீன் வாங்க ஒரு வாரம் தள்ளிப்போனால் அதுவரை அம்மோனியாச் சொட்டை நிறுத்தாதீர்கள். பட்டினி போட்டால் பாக்டீரியா குறைந்துவிடும்.

தெம்பனீஸிலிருந்து: பையன் நியான் டெட்ராதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். முதல் மீனாக விடலாமா அக்கா?

முதல் மீனாக வேண்டாம். நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட நியானுக்கு 25 டிகிரியை ஒட்டிய தண்ணீர்தான் சுகம். நம் வீட்டுத் தொட்டி சும்மா இருந்தாலே 28, 29 காட்டும், மத்தியான வெயில் சன்னலில் விழுந்தால் 30. சூடு கூடினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், மீனுக்கோ மூச்சு கூடுதலாகத் தேவைப்படும். தொட்டி விளிம்பில் மாட்டும் சின்ன மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி இறக்கும், ஆனால் தண்ணீர் வேகமாக வற்றும், தினமும் ஊற்றவேண்டி வரும்.

நான் சொல்வது ஹார்லிக்வின் ரஸ்போரா. செம்பு நிற உடம்பு, பின்பாதியில் கறுப்பு முக்கோணம். இது நம் மண்ணின் மீன்! நீசூன் சதுப்புநிலக் காட்டு ஓடைகளில் இன்றும் இருக்கிறது. கடையில் விற்பது பண்ணையில் வளர்ந்தது, நம் வெயிலுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் பழகிக்கொள்ளும். எட்டு வாங்குங்கள். காட்டில் இதே மீன் இருக்கிறது என்று பையனிடம் சொல்லிப் பாருங்கள், நியானை மறந்துவிடுவான். சிவப்புக் கோடுதான் வேண்டும் என்றால் கார்டினல் டெட்ரா நியானைவிடச் சூடு தாங்கும். அதையும் மூன்று மாதம் கழித்து வாங்கலாம்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: ஊரில் அம்மா வாளியில் ஒரு ராத்திரி தண்ணீர் பிடித்துவைத்து மறுநாள் ஊற்றுவார். இங்கும் அது போதாதா?

போதாது. வெறும் குளோரின் என்றால் அப்படி வைத்தாலே பறந்துவிடும், அம்மா செய்தது சரிதான். இங்கே பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீரில் இருப்பது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. வாளியில் வைத்தால் அது லேசில் போகாது. ஒவ்வொரு முறையும் குளோரின் நீக்கும் மருந்து ஊற்றியாக வேண்டும். குளோரினை மட்டும் உடைக்கும் மருந்து அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். அம்மோனியாவையும் கட்டும் என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று கடைக்காரர் சின்னதாக ஒரு பிளெக்கோ கொடுத்தார். விட்டுவிட்டேன்.

திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு முழத்துக்கு வளரக்கூடிய மீன் அது. சுத்தம் செய்வதைவிடக் கழிவு போடுவதுதான் அதிகம். கடையில் வாங்க மறுத்தால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். நீர்த்தேக்கத்திலோ லோங்காங்கிலோ (வடிகாலிலோ) மட்டும் விடாதீர்கள். அது குற்றம், அதோடு நம் ஊர் மீன்களுக்கும் கேடு. அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தென்னமெரிக்கத் திருக்கை குட்டி போட்டுப் பெருகியதற்கு யாரோ வளர்த்ததைக் கொண்டுபோய் விட்டதுதான் காரணம்.

ஹவ்காங்கிலிருந்து: சனிக்கிழமை சிராங்கூன் நார்த் அவென்யூ 1 கடைகளுக்குப் போகிறேன். வாங்கி வந்து எப்படி விடுவது?

கடையில் அவசரப்படாதீர்கள். அந்தத் தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றாலும் அடுத்த கடைக்குப் போங்கள். கொஞ்சம் உணவு போடச் சொல்லிக் கேளுங்கள், ஓடி வந்து தின்னும் கூட்டத்திலிருந்து எடுங்கள்.

வீட்டில் தொட்டி விளக்கை அணைத்துவிட்டுப் பையை இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். அப்புறம் பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் குவளை தொட்டித் தண்ணீர், நாலைந்து முறை. பிறகு வலையால் மீனை மட்டும் தூக்கி விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

முதல் இரவு பயந்துவிடாதீர்கள். எட்டும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு வெளிறிப்போய் நிற்கும், முக்கோணம்கூடச் சாம்பலாகத் தெரியும். உணவு வேண்டாம். மறுநாள் காலை விளக்குப் போடாமல் பாருங்கள்: கூட்டமாக நடுத்தண்ணீருக்கு வந்திருக்கும், கறுப்பு திரும்பியிருக்கும். அப்போது ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு.

பொங்கோலிலிருந்து: முதல் எட்டும் நன்றாக இருக்கின்றன. அடுத்தது எப்போது, எது?

இரண்டு வாரம் அம்மோனியா, நைட்ரைட் எண்கள் பூஜ்யத்திலேயே நின்றால் கோரிடோராஸ் என்ற அடித்தரைக் கெளுத்தி ஐந்தாறு, ஸ்டெர்பாய் வகை. அது வெதுவெதுப்பான தண்ணீரைத் தாங்கும், பாண்டா வகைக்கு நம் சூடு ஆகாது. செர்ரி இறாலும், ஓட்டோ என்ற பாசி தின்னும் சின்ன மீனும் பாசி படிந்த பழைய தொட்டியில்தான் பிழைக்கும், மூன்று மாதமாவது போகட்டும்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து: மீன் விட்ட மூன்றாம் நாள் அம்மோனியா 0.25 காட்டுகிறது. கை நடுங்குகிறது அக்கா.

நிதானமாக இருங்கள். முதலில் குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்து அதையும் சோதியுங்கள். அதிலும் 0.25 வந்தால் அது குளோரமினின் மிச்சமாக இருக்கலாம். அதில் பூஜ்யம் வந்து தொட்டியில் மட்டும் இருந்தால், இன்று உணவை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நம் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) பெரும்பாலும் 8ஐ ஒட்டி இருக்கும், சூடும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் கொஞ்ச அம்மோனியாவும் கடுமையாகக் கடிக்கும், அதனால்தான் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவியிருந்தால் அதையும் சொல்லுங்கள், குளோரமின் பாக்டீரியாவைக் கொன்றிருக்கலாம். நாளைக் காலை மறுபடி சோதித்து, எண் என்னவென்று எழுதுங்கள்.