தன்பாலீர்ப்பாளன் என்று சொன்ன தம்பியிடம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. இது அவன் மனநிலையைப் பாதிக்குமா?

பாதிக்கும். "அடிக்கவில்லை, திட்டவில்லை, பேசாமல்தானே இருக்கிறோம்" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பிளஸ் ஒன் இயற்பியல் வகுப்பில் புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்று சார் சொன்னாலே மொத்த வகுப்பும் என் பக்கம் திரும்பிச் சிரிக்கும். 'ஒம்போது' என் பட்டப்பெயர். சாரும் சிரித்தார். வாந்தி என்று பொய் சொல்லி லீவு போட ஆரம்பித்தேன். பாதி நாள் உண்மையாகவே வந்தது. இருந்தாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாமே என்று ஓட்டினேன்.

பிளஸ் டூவில் போனைப் பார்த்து வீட்டில் தெரிந்துகொண்டார்கள். 2013 டிசம்பரில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன மறுநாள், அப்பா பேப்பரை என் முன்னால் போட்டு "குற்றம்னு போட்டிருக்கான் பாரு" என்றார். அதோடு பேச்சு நின்றது. "இன்னொரு தோசை வைக்கவா?" என்று அம்மா கேட்பதும் நின்றது. மேசையில் தட்டு போட்டு மூடிய மூன்று தோசை இருக்கும், அவ்வளவுதான். அந்த மாதங்களில் மொட்டை மாடிக்கு எதற்கு அடிக்கடி போனேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

'இதெல்லாம் அமெரிக்க இறக்குமதி' என்று சிலர் வருவார்கள். ஆய்வு அமெரிக்காவில் நடந்ததுதான்: வீட்டில் கடுமையாக ஒதுக்கப்பட்ட தன்பாலீர்ப்பு இளைஞர்களிடம் தற்கொலை முயற்சி, அவ்வளவாக ஒதுக்கப்படாதவர்களைவிட 8 மடங்குக்கும் அதிகம் என்று கெய்ட்லின் ரையன் குழு 2009இல் வெளியிட்டது. தோசை திருச்சியில் சுட்டது.

பெற்றோரை வில்லனாக்கவில்லை. அவர்களுக்கும் சொல்லி அழ ஆளில்லை. அதனால்தான் 'மாற்றிவிடலாம்' என்ற மருத்துவரிடம் மாட்டினார்கள். ஒரு தடவைக்கு 600 ரூபாய், பதினோரு தடவை. ரசீதும் கிடையாது. தனியார் கிளினிக்கில் ரசீது கேட்டால் ஏன்தான் அப்படி முறைக்கிறார்களோ!

சரி, உங்கள் தம்பி. அப்படி மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை செய்துவிட்டது. யாராவது கூட்டிப்போகக் கிளம்பினால் அதைச் சொல்லுங்கள். அவன் தூங்காமல் கிடந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழைக்கலாம், இலவசம். நீங்களாவது பேசுங்கள். எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை.

அம்மா மறுபடி தோசை வைக்கவா என்று கேட்டது 2018இல், அந்தத் தீர்ப்பே மாறிய பிறகு. ஐந்து தின்றேன். அப்பா அன்றைய பேப்பரை மடித்து டிவி மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.