கேமரா கைக்கு அடங்க மாட்டேன் என்கிறதே!

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். அரை மணி நேரம் படம் எடுத்தாலே மணிக்கட்டு வலிக்கிறது. பாதிப் படங்கள் கலங்கலாக வருகின்றன. இதை விற்றுவிட்டு வேறு மாடல் வாங்கலாமா?

விற்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். கலங்கலாக வந்த படங்களில் பத்தைக் கணினித் திரையில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாக் கலங்கலும் ஒரே ரகம் இல்லை. படத்தில் இருக்கும் அத்தனையும் ஒரே திசையில் இழுபட்டதுபோல் இருந்தால் ஆடியது உங்கள் கை. சுவரும் நாற்காலியும் தெளிவாக இருந்து குழந்தை மட்டும் கலைந்திருந்தால் ஆடியது குழந்தை. குழந்தையின் முகம் மங்கலாகவும் அதற்குப் பின்னால் இருக்கும் திரைச்சீலையின் நூல்கூடத் துல்லியமாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. புதுக் கேமரா வாங்குவது இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்தே இல்லை.

உங்களுக்கு மணிக்கட்டும் வலிக்கிறது என்பதால் முதல் ரகமாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் கேமராவை விரித்த புத்தகத்தைப் பிடிப்பதுபோல் இரு பக்கமும் பிடிக்கிறீர்களா? பலரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். அப்போது முழு எடையையும் விரல்நுனிகளும் மணிக்கட்டும்தான் தூக்குகின்றன. இடது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி லென்ஸுக்கு அடியில் ஏந்துங்கள். எடை உள்ளங்கையில் இறங்கிவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஜூம் வளையத்தைத் திருப்பத் தயாராக மேலே வந்து நிற்கும். வலது கைக்கு இனி தூக்கும் வேலை இல்லை, ஷட்டர் பட்டனை அழுத்தினால் போதும். முழங்கைகள் இரண்டும் விலாவைத் தொடட்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருந்தால் அதைப் புருவத்தோடு லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கையும் நெற்றியும் சேர்ந்து முக்காலி மாதிரி ஆகிவிடும். கையை நீட்டித் திரையைப் பார்த்தே எடுக்கும் பழக்கம் செல்போனிலிருந்து ஒட்டிக்கொண்டது. கனமான கேமராவில் அதை விட்டுவிடுவது நல்லது.

அப்புறம் ஷட்டர். அதைக் குத்தக் கூடாது. பாதி அழுத்தத்தில் நிறுத்தி, ஃபோகஸ் கிடைத்ததும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே மீதியை மெதுவாக அழுத்துங்கள். தொடர்ச்சியாக எடுக்கும் முறையில் வைத்து மூன்று படம் எடுத்தால் பெரும்பாலும் நடுப்படம் தெளிவாக இருக்கும். விரல் அழுத்தும்போதும் விடும்போதும்தான் கேமரா அதிகம் அசைகிறது, நடுவில் அசைவு குறைவு.

ஷட்டர் வேகத்துக்கு, அதாவது வெளிச்சம் உள்ளே வர ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கு, ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸ் 50 மி.மீ. என்றால் குறைந்தது 1/50 நொடி, 200 மி.மீ. என்றால் 1/200. உங்கள் கேமரா ஏபிஎஸ்-சி எனப்படும் சற்றுச் சிறிய சென்சார் ரகமாக இருந்தால் அந்த மி.மீ. எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 மி.மீ.க்கு 1/80 என்று வைத்துக்கொள்ளலாம். கேமராவிலோ லென்ஸிலோ அசைவைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இன்னும் குறைந்த வேகத்திலும் தப்பிக்கலாம். ஆனால் அது உங்கள் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும். ஓடுகிற குழந்தையை அது நிறுத்தி வைக்காது. அதற்கு 1/500 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

இன்னொன்று, இதைப் பலர் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். வியூஃபைண்டர் பக்கத்தில் பல்சக்கரம்போல் ஒரு குட்டித் திருகு இருக்கும். டயாப்டர் என்று பெயர். வியூஃபைண்டருக்குள் தெரியும் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டு, அவை பளிச்சென்று தெரியும்வரை அதைத் திருப்புங்கள். நான் ஒரு வருடம் கண்ணை இடுக்கி இடுக்கிப் படம் எடுத்துவிட்டு, லென்ஸ் சரியில்லை என்று கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அந்தத் திருகை நாலு சுற்றுச் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் ஆன பிறகும் மணிக்கட்டு வலித்தால், அப்போதும் முதலில் லென்ஸைத்தான் சந்தேகப்படுவேன். சின்னக் கேமரா உடம்புக்குப் பெரிய ஜூம் லென்ஸ் மாட்டினால் முன்பக்கம் தொங்கும். சிறிய லென்ஸ் ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: அக்கா பெண்ணுக்கு முதல் கேமரா வாங்கப் போகிறோம். விவரக் குறிப்புகளைப் படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

குறிப்புகளை வீட்டிலேயே மடித்து வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். கேமராவைப் பிடிக்கப் போவது அவள் கை, உங்கள் கை அல்ல. பேட்டரியும் அவள் பயன்படுத்தப் போகும் லென்ஸும் மாட்டித் தரச் சொல்லுங்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் வெறும் உடம்பாக இருக்கும்போது எல்லாக் கேமராவும் லேசாகத்தான் இருக்கும்.

வலது கையால் பிடித்ததும் சுண்டுவிரல் எங்கே போகிறது என்று பாருங்கள். சிறிய மாடல்களில் அது பிடிக்க இடமில்லாமல் கீழே தொங்கும். சிலருக்கு அது பொருட்டே இல்லை, சிலருக்குப் பத்து நிமிடத்தில் கை இழுக்கும். அடுத்து, கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல், வெளிச்சத்துக்கான உணர்திறன் எண்ணான ஐஎஸ்ஓவை மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஃபோகஸ் புள்ளியை நகர்த்தச் சொல்லுங்கள். முதல் தடவை தடவித்தான் தேடுவாள், பரவாயில்லை. ஐந்தாவது தடவையும் கேமராவை இறக்கிப் பார்த்தால்தான் முடிகிறது என்றால் அந்த மாடல் அவள் கைக்கு ஒத்துவரவில்லை. கண்ணாடி போடுகிறவள் என்றால், போட்டபடியே பார்த்து நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று கேளுங்கள். எடை குறைவு என்பதற்காக வியூஃபைண்டரே இல்லாத மாடலை எடுப்பதும் உண்டு. வெயிலில் திரை சரியாகத் தெரியாது என்பதை யோசித்துவிட்டு எடுங்கள்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தாலும் எங்காவது ஒரு தடவை கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உத்தரவாத அட்டை உங்கள் நாட்டில் செல்லுமா என்பதையும், பெட்டியிலும் கேமராவிலும் பில்லிலும் ஒரே வரிசை எண்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 24 மெகாபிக்சல் போதுமா, 45 வாங்கலாமா?

போதும். 24 மெகாபிக்சல் படம் ஏறக்குறைய 6000 x 4000 புள்ளிகள். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட 3508 x 2480 போதும், அதாவது ஒன்பது மெகாபிக்சலுக்கும் கொஞ்சம் குறைவு. பறவைகளைத் தொலைவிலிருந்து எடுத்து வெட்டிப் பெரிதாக்குபவர்களுக்கு 45 உதவும். மற்றவர்களுக்கு அது கணினியின் இடத்தைத்தான் தின்னும். மிச்சமாகும் காசில் இன்னொரு பேட்டரி வாங்குங்கள்.

கேள்வி: எப்போதும் ஆட்டோவில்தான் எடுக்கிறேன். வெள்ளைச் சட்டை அழுக்காகத் தெரிகிறது, எங்கள் வீட்டுக் கருப்பு நாய் சாம்பல் நிறமாகிவிடுகிறது. கேமரா பழுதா?

பழுதில்லை. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரமான சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கற்றிருக்கிறது. சட்டையும் சுவரும் வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். நாய் படத்தை அடைத்துக்கொண்டு நின்றால், இருட்டு என்று நினைத்துக் கூட்டிவிடும். பிளஸ், மைனஸ் குறி போட்ட ஒரு பட்டனோ சக்கரமோ இருக்கிறதே, அது இதற்குத்தான். வெள்ளைக்குப் பிளஸ் 1, கருப்புக்கு மைனஸ் 1 வைத்து எடுத்துப் பாருங்கள். வெள்ளைக்குக் குறைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும், ஆனால் கூட்டத்தான் வேண்டும். முழு ஆட்டோவில் அந்தச் சக்கரம் பல கேமராக்களில் வேலை செய்யாது. ‘ஏ’ அல்லது ‘ஏவி’ என்று போட்டிருக்கும் இடத்துக்கு மாறுங்கள். அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துளை அளவை, நீங்கள் சொல்வீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நாமே வைக்க வேண்டிய ‘எம்’முக்கு நேரே தாவச் சொல்பவர்கள் சொல்லட்டும், அதற்கு அவசரம் இல்லை.

பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டாம். ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, வீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். ஜூமை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, முதலில் முகம் ஜன்னலைப் பார்க்க, பிறகு பக்கவாட்டில், பிறகு ஜன்னலுக்கு முதுகு காட்டி என்று மூன்று படம் எடுங்கள். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் வையுங்கள். பக்கவாட்டுப் படத்தில் மூக்கின் நிழல் மறுகன்னத்தில் விழும். நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்தால் அந்த நிழல் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். காலையில் எடுத்ததையே மாலையில் மறுபடி எடுங்கள். மூன்று பேரை இப்படி உட்கார வைத்து எடுத்தால், நான் இங்கே எழுதுவதைவிட அதிகம் புரிந்துவிடும்.

கேள்வி: பழைய கேமராவும் லென்ஸும் ஒருவர் விற்கிறார். எதைச் சோதிக்க வேண்டும்?

ஒரு சின்ன டார்ச் கொண்டுபோங்கள். லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் கவலையில்லை. சிலந்தி நூல்போல் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அபர்ச்சரை எஃப் 16இல் வைத்து வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ ஒரு படம் எடுங்கள். சென்சாரில் உள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். தூசியைத் துடைத்துவிடலாம், கீறலைத் துடைக்க முடியாது. ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள், பிடியின் ரப்பர் பிசுபிசுக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்ற எண்ணிக்கையைக் கேளுங்கள். ஆனால் மின்னணு ஷட்டரில் எடுத்த படங்கள் அதில் சேராமல் இருக்கலாம் என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். கூடவே மெமரி கார்டும் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், முக்கியமான படங்களுக்குப் புதிது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லென்ஸுக்கு யூவி ஃபில்டர் கட்டாயம் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

ஃபிலிம் காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் புறஊதா (யூவி) கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது. இப்போது இந்த ஃபில்டர் வெறும் காப்புக் கண்ணாடிதான். கடற்கரையிலோ புழுதியிலோ மாட்டுங்கள், மற்ற நேரங்களில் கழற்றி வையுங்கள். தரம் குறைந்ததாக இருந்தால் இரவில் விளக்குகளை எடுக்கும்போது படத்தில் பொய் விளக்குகள் தோன்றும். அதற்குப் பதில் லென்ஸோடு வரும் ஹூடை, அதாவது முன்னால் மாட்டும் மறைப்பை, மாட்டினால் பக்கவாட்டு வெயிலும் தடுக்கப்படும், இடிபட்டாலும் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும். பையில் வைப்பதற்காகத் திருப்பி மாட்டிய ஹூடை அப்படியே விட்டுவிட்டுப் படம் எடுப்பவர்கள் நிறையப் பேர். வெளியே எடுத்ததும் அதைத் திருப்பி மாட்டுங்கள்.